வரி முடியும் இடம்

1

பல வருஷங்களுக்கு முன் ஒரு சிற்றிதழுக்கு நான் அனுப்பிய கவிதை, மூன்று பகுதிகளாக எழுதியது, இரண்டு பகுதிகளாக அச்சாகி வந்தது. சொல் ஒன்றும் மாறவில்லை. எழுத்துப்பிழையும் இல்லை. இரண்டாம் பகுதிக்கும் மூன்றாம் பகுதிக்கும் நடுவே இருந்த ஒரு வரி வெற்றிடத்தை மட்டும் காணோம். அந்த வெற்றிடத்தில்தான் கவிதையில் ஒருவன் இறந்து போகிறான். அச்சான வடிவத்தில் அவன் சாகாமலேயே அவன் வீட்டில் ஒப்பாரி கேட்கிறது.

ஆசிரியருக்குக் கோபமாக ஒரு கடிதம் எழுதினேன். அவர் பதில் எழுதவில்லை. என் கைப்பிரதியையே ஒரு உறையில் போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். எடுத்துப் பார்த்தேன். இரண்டாம் பகுதி முதல் தாளின் கடைசி வரியோடு முடிந்திருந்தது. மூன்றாம் பகுதி அடுத்த தாளின் முதல் வரியில் தொடங்கியிருந்தது. வெற்றிடம் என் மனசில் இருந்தது, தாளில் இல்லை. கம்பாஸிடர் தாளைப் பார்த்துத்தான் எழுத்துக் கோக்க முடியும்.

உருவம், உள்ளடக்கம் என்று நம்மிடையே நடந்த சர்ச்சைகளுக்குக் கணக்கில்லை. ஆனால் அந்த உருவம் ஸ்தூலமாக இருக்கும் ஒரே இடமான கைப்பிரதி பற்றி யாரும் பேசியதாக நினைவில்லை. அது குமாஸ்தா வேலை, அச்சாபீஸ் விவகாரம் என்று ஒரு எண்ணம். எழுதி முடித்ததும் படைப்பு முடிந்துவிட்டது. மிச்சத்தை மற்றவர்கள் பார்த்துக் கொள்வார்கள் என்ற எண்ணம். இது எங்கிருந்து நமக்கு வந்தது என்று பார்த்தால் ஓலைச் சுவடி வரைக்கும் போக வேண்டியிருக்கிறது. போனால் தெரிவது: அங்கே அந்த எண்ணத்துக்கு நியாயம் இருந்தது. நமக்கு அது இல்லை.

2

பனையோலையில் எழுதுகிறவனுக்கு வரி என்பது ஓலையின் நீளம். இடது ஓரத்தில் தொடங்கி, கயிறு கோக்கும் துளையைத் தாண்டி, வலது ஓரம் வரை போய்த் திரும்புவான். அங்கே செய்யுளின் அடி முடிகிறதா, சொல் முடிகிறதா என்பது அவன் கவலை இல்லை. சொல்லுக்குச் சொல் இடம் விடுவது கிடையாது. கமா, முற்றுப்புள்ளி கிடையாது. மூலம் முடிந்து உரை ஆரம்பிக்கும் இடத்தில் கூடப் பல சுவடிகளில் கண்ணுக்குத் தெரிகிற அடையாளம் ஒன்றும் இராது. பாட்டும் உரையும் உரைக்குள் வரும் மேற்கோளும் ஒரே ஓட்டமாக ஓடும்.

எழுத்திலும் இதே நிலை. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க வேண்டும், குறில் எகர ஒகரங்களுக்கும் புள்ளி வைக்க வேண்டும் என்று தொல்காப்பியம் விதிக்கிறது. ஓலையில் இந்தப் புள்ளிகள் பெரும்பாலும் விழுவதில்லை. எழுத்தாணி அழுந்தினால் ஓலை பொத்துப் போகும் என்று காரணம் சொல்வார்கள். போதாததற்கு, நெட்டெழுத்துக்கு இடுகிற காலும் ரகரமும் ஒரே உருவம். ஆக, ‘பொன்’ என்பதையும் ‘போன’ என்பதையும் ஓலையில் ஒரே மாதிரிதான் எழுத முடியும். எது என்று தீர்மானிப்பது படிக்கிறவன் வேலை.

எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்ற வசனம் இந்தச் சூழ்நிலையில் பிறந்தது. இருந்தும் இவ்வளவு ஆபத்துக்கு நடுவே, நூற்றாண்டுகள் தாண்டி, படியெடுத்துப் படியெடுத்து வந்த செய்யுட்கள் வியக்கத்தக்க அளவு முழுசாக நம் கைக்கு வந்திருக்கின்றன. எப்படி? செய்யுள் தன் வரியைத் தனக்குள்ளேயே வைத்திருந்தது. இரண்டாம் எழுத்து ஒன்றி வரும் எதுகை, அடி எங்கே தொடங்குகிறது என்று காதுக்குச் சொல்லிவிடும். வெண்பாவின் கடைசி அடி நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாட்டுக்குள் வந்து நின்றால் பாட்டு முடிந்தது. ஆசிரியப்பா ஏகாரத்தில் வந்து அமரும். ஒரு சீர் விழுந்துவிட்டால் தளை தட்டும். ஏட்டைப் பிடித்திருக்கிற பையனே நிமிர்ந்து பார்ப்பான். கயிறு அறுந்து ஓலைகள் கலைந்து போனாலும் அந்தாதியாக இருந்தால் ஒரு பாட்டின் முடிவு அடுத்ததன் முதலைக் காட்டிக் கொடுக்கும்.

யாப்பு அழகுக்காக மட்டும் இருந்தது என்று நினைக்கிறவர்கள், அதைத் தளை என்று சொல்லி அறுத்தெறிந்தவர்களான நாம் உட்பட, அது ஒரு காவல் ஏற்பாடாகவும் இருந்ததைக் கவனிக்கவில்லை. பாடியவன் கைப்பிரதியைத் தயார் செய்ய வேண்டிய அவசியம் இருக்கவில்லை. கைப்பிரதிக்குச் செய்ய வேண்டியதைப் பாட்டே செய்து கொண்டது.

3

உரைநடைக்கு இந்தக் காவல் இல்லை. அதற்கு வேறு ஒன்று கண்டுபிடித்தார்கள்: எண்ணிக்கை. முப்பத்திரண்டு எழுத்து ஒரு கிரந்தம், அதாவது ஒரு படி. திருவாய்மொழிக்கு வைணவ ஆசாரியர்கள் செய்த வியாக்கியானங்களுக்கு ஆறாயிரப்படி, ஒன்பதினாயிரப்படி, பன்னீராயிரப்படி, இருபத்துநாலாயிரப்படி என்று பெயர். நூலின் அளவே நூலின் பெயர். படியெடுக்கிறவன் விட்டுவிட்டாலும் சேர்த்துவிட்டாலும் கேட்பதற்கு ஒரு கணக்கு இருக்கட்டும் என்பது போல.

செய்யுள் தொகைகளிலும் எண்ணிக்கை இருந்தது. அகநானூறு, புறநானூறு, ஐங்குறுநூறு, பதிற்றுப்பத்து எல்லாம் தொகை சொல்லும் பெயர்கள். எண்ணிக்கை இருந்ததால்தான் இன்று நமக்கு இழப்பு தெரிகிறது. புறநானூற்றில் 267, 268 ஆம் பாட்டுக்கள் இல்லை. பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் பத்தாம் பத்தும் இல்லை. பரிபாடல் எழுபது என்று பழைய உரைகள் சொல்கின்றன. முழுசாகக் கிடைத்தவை 22. எத்தனை என்ற கணக்கு மட்டும் இல்லாவிட்டால் கிடைத்ததையே முழுசு என்று நினைத்திருப்போம். இல்லாமல் போனதைப் பற்றி ஒரு வார்த்தை பேச நமக்கு இடம் இருந்திருக்காது.

சுவடியின் கடைசி ஓலையில் படியெடுத்தவன் தன் பெயர், ஊர், வருஷம், மாதம், தேதி, நட்சத்திரம் எல்லாம் எழுதி, பிழை பொறுக்கச் சொல்லி முடிப்பது வழக்கம். அவன் படைப்பாளி இல்லை. இருந்தாலும் இந்தப் பிரதி இங்கே, இந்த நாளில், இன்னார் கையால் முடிந்தது என்று பொறுப்பேற்றுக் கொள்கிறான். நம் கவிஞர்களில் எத்தனை பேர் கைப்பிரதியில் தேதி போடுகிறார்கள்?

4

அச்சு இந்த ஏற்பாடு முழுவதையும் மாற்றியது. ஆனால் உடனே மாற்றவில்லை. 1578இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அச்சாயிற்று. 1706இல் தரங்கம்பாடி வந்த சீகன்பால்கு அங்கே அச்சகம் நிறுவி 1714இல் புதிய ஏற்பாட்டை அச்சிடத் தொடங்கினார். குறில் நெடில் எகர ஒகரங்களைப் பிரித்துக் காட்டும் இன்றைய வழி வீரமாமுனிவர் பெயரோடு சேர்ந்தது. குறிலுக்குப் புள்ளி இடுவதற்குப் பதிலாக நெடிலுக்கு அடையாளம் இட்டார். ‘பொன்’ ஓரளவு ‘போன’திலிருந்து பிரிந்தது. 1812இல் திருக்குறள் மூலம் அச்சேறியபோது ஏடுகளை ஆராய்ந்து பாடம் சரிபார்த்தவர் திருநெல்வேலி அம்பலவாணக் கவிராயர். ஆனாலும் ஆரம்ப கால அச்சு நூல்கள் பலவற்றில் செய்யுள் ஓலையில் போலவே தொடர்ந்து ஓடியது. அச்சு என்பது வேகமாகப் படியெடுக்கும் சாதனம் என்ற அளவில்தான் முதலில் புரிந்து கொள்ளப்பட்டது.

1835இல் அச்சகங்கள் மீதிருந்த அரசாங்கக் கட்டுப்பாடு தளர்ந்த பிறகு நிலைமை வேறாகிறது. ஆறுமுக நாவலர் 1849இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் வைத்தார். நாவலர் பதிப்பு என்றால் பிழை இராது என்ற பேச்சு இன்று வரை இருக்கிறது. அவருடைய பெரிய காரியம் அது மட்டும் இல்லை என்று எனக்குப் படுகிறது. வாக்கியத்தின் நடுவிலும் முடிவிலும் நிறுத்தக் குறிகளை இட்டு, சிறுவர்களுக்கான பாடபுத்தகங்களில் சந்தி பிரித்து, படிக்கிறவன் செய்து வந்த வேலையை எழுதுகிறவன் பக்கத்துக்கு அவர் மாற்றினார். எங்கே மூச்சு விடுவது என்பதை இனி எழுதுகிறவன் தீர்மானிக்க வேண்டும். தமிழ் உரைநடையில் கைப்பிரதி என்ற பிரக்ஞை இங்கேதான் தொடங்குகிறது.

சி. வை. தாமோதரம் பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் எதிர்கொண்டது இன்னொரு விதமான கைப்பிரதி. ஆசிரியன் இல்லாமல் போன, எடுத்தால் ஓரம் உதிர்கிற கைப்பிரதி. தாமோதரம் பிள்ளை தம் பதிப்புரைகளில் ஓலைகள் கையில் நொறுங்குவதைப் பற்றி எழுதியது வெறும் அங்கலாய்ப்பு இல்லை. அவர் கலித்தொகை 1887இல் வந்தது. ஐயர் 1880இல் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்த பின் கையில் எடுத்த சிந்தாமணியும் அதே 1887இல் வந்தது. நடுவில் ஏழு வருஷம். அந்த ஏழு வருஷமும் ஐயர் செய்தது என்ன என்று கேட்டால், சுருக்கமாக, அச்சுக்குப் பிரதி தயார் செய்தார் என்றுதான் சொல்ல வேண்டும். ஒருவர் ஒரு ஏட்டைப் படிக்க மற்றவர்கள் வேறு ஏடுகளை வைத்து ஒப்பிடுவது. மூலம் எது உரை எது என்று பிரிப்பது. உரைக்குள் வரும் மேற்கோள் எந்த நூலிலிருந்து என்று தேடுவது. செய்யுளை அடி அடியாக நிறுத்துவது. கதைச் சுருக்கம், ஆசிரியர் வரலாறு, அரும்பத அகராதி என்று படிக்கிறவனுக்கு வேண்டியதை எல்லாம் சேர்ப்பது.

பத்துப்பாட்டில் குறிஞ்சிப்பாட்டு வேலையின்போது மலர்ப் பெயர்கள் வரும் பகுதியில் அவரிடமிருந்த ஏடுகளில் சில பெயர்கள் விடுபட்டிருந்தன. தருமபுர ஆதீனத்து ஏட்டில் அவை இருந்தன. 1889இல் பத்துப்பாட்டு வந்தபோது கபிலரின் மலர்கள் குறையில்லாமல் வந்தன. பூக்களை உதிர்த்தவன் எந்தக் காலத்து எந்த ஊர்க்காரனோ. அவன் ஒரு வரி தாண்டிப் படித்துவிட்டான், அவ்வளவுதான். அதைச் சரி செய்ய ஒரு மனிதன் மடம் மடமாகப் போக வேண்டியிருந்தது.

ஐயரின் பதிப்புகளைப் பார்த்து நம்மவர்கள் ஆராய்ச்சி, பக்தி, தமிழ்த் தொண்டு என்றெல்லாம் பேசுவார்கள். ஒரு எழுத்தாளன் அவற்றிலிருந்து கற்றுக் கொள்ள வேண்டியது வேறு: சொந்தப் படைப்பின் பிரதியை நாம் தயார் செய்யாமல் போனால் யாரோ ஒருவன் நமக்காக இந்தப் பாட்டைப் பட வேண்டியிருக்கும். அப்படி ஒருவன் வருவான் என்பதற்கு உத்தரவாதமும் கிடையாது.

ஒரு பதிப்பாசிரியனுக்கும் இன்னொருவனுக்கும் இடையே கூட வரி பற்றிய அபிப்பிராயம் மாறிக்கொண்டே இருந்தது. சீர் பிரித்து அச்சிடுவதா, சொல் பிரித்து அச்சிடுவதா என்பது பெரிய வாதம். சீர் பிரித்தால் ஓசை தெரியும், பொருள் உடையும். சொல் பிரித்தால் பொருள் தெரியும், ஓசை உடையும். 1950களில் மர்ரே எஸ். ராஜம் சந்தி பிரித்த மலிவுப் பதிப்புகளைக் கொண்டு வந்தபோது சொல்லின் பக்கம் தராசு சாய்ந்தது. ஆனால் இந்த வாதத்தில் இரண்டு கட்சியாருக்கும் ஒரு தைரியம் இருந்தது. எப்படி அச்சிட்டாலும் யாப்பு உள்ளே இருக்கிறது. வேண்டியவன் எடுத்துக் கொள்ளலாம்.

5

1934இல் மணிக்கொடியில் ந. பிச்சமூர்த்தியின் ‘காதல்’ வெளிவந்தது. 1959இல் எழுத்து வந்தது. 1962இல் சி. சு. செல்லப்பா புதுக்குரல்களைத் தொகுத்தார். இந்த வரலாறு நம் வாசகர்களுக்குத் தெரிந்தது. யாப்பை விட்டது சரியா தப்பா என்ற வழக்கும் எப்போதோ தீர்ந்துவிட்டது. அந்த வழக்கில் யாரும் எழுப்பாத ஒரு விஷயத்தை மட்டும் சொல்கிறேன். யாப்பு போன அன்றைக்கு வரிக்கு இருந்த சாட்சி போய்விட்டது. புதுக்கவிதையில் வரி இங்கே முடிகிறது என்பதற்கு, அது அங்கே முடிக்கப்பட்டிருக்கிறது என்பதைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. எதுகை வந்து சொல்லாது. தளை தட்டிக் காட்டாது. ஒரு வரியை இரண்டாக உடைத்தாலும் இரண்டை ஒன்றாக ஒட்டினாலும் படிக்கிறவன் சந்தேகப்பட மாட்டான். கவிஞன் இப்படித்தான் எழுதினான் போலிருக்கிறது என்று போய்விடுவான். பிழை பிழையாகத் தெரியாத ஒரு வடிவத்தை நாம் தேர்ந்து கொண்டோம். கைப்பிரதியில் மற்ற எவரையும் விடச் சிரத்தையாக இருந்திருக்க வேண்டியவர்கள் நாம்தான். நடந்தது நேர் எதிர்.

அந்தக் காலத்துச் சிறிய அச்சாபீஸை நினைத்துக் கொள்ள வேண்டும். கம்பாஸிடர் நின்றபடி வேலை செய்வார். எதிரே கேஸில் அறை அறையாக எழுத்துக்கள். இடது கையில் ஸ்டிக். ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கித் தலைகீழாக நிறுத்துவார். ஸ்டிக்கின் அகலம் பத்தியின் அகலம். கவிதை வரி அந்த அகலத்தைத் தாண்டினால் மடங்கியே தீர வேண்டும். மடங்கிய துண்டை உள்ளே தள்ளி வைத்தால் மடங்கியது என்று தெரியும். ஓரத்தில் வைத்துவிட்டால் அது ஒரு புது வரி. கவிஞன் எழுதாத வரி. பாரத்தில் பக்கம் நிரம்பாமல் இருந்தால் ஈயத் தகடு சேர்ப்பார்கள், நிரம்பி வழிந்தால் தகட்டை உருவுவார்கள். உருவுவதற்கு எளிதான இடம் கவிதைப் பகுதிகளுக்கு நடுவில் உள்ள வெற்றிடம். அங்கே அவருக்கு எழுத்து ஒன்றும் இல்லை, வெறும் ஈயம். என் கவிதையில் செத்தவன் அந்த ஈயத்தில்தான் செத்தான் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அவசரம் இன்னொன்று. சிறிய அச்சாபீஸ்களில் ஒரு பாரம் இரண்டு பாரம் கோக்கத்தான் எழுத்து இருக்கும். அச்சடித்து, கலைத்து, எழுத்துக்களை அறைகளில் திரும்பப் போட்டால்தான் அடுத்த பாரம். சாயங்காலம் புரூஃப் வந்தால் காலையில் திரும்பியாக வேண்டும். அந்த நேரத்தில் ஒரு வரியை மாற்றி எழுதினால் அதற்குப் பின் வரும் வரிகளை எல்லாம் தள்ளிக் கோக்க வேண்டும். புரூஃபில் கதையைத் திருத்தி எழுதுகிற எழுத்தாளனைக் கம்பாஸிடர்கள் வெறுத்தார்கள் என்றால் அதில் நியாயம் உண்டு. அவன் வீட்டில் முடித்திருக்க வேண்டிய வேலை அது.

இந்தத் தொல்லைகளிலிருந்து சில பழக்கங்கள் உருவாயின. யாரும் எழுதி வைத்த விதிகள் இல்லை. பத்திரிகை ஆசிரியர்கள் கடிதத்தில் சொல்வது, அச்சாபீஸில் திட்டு வாங்கித் தெரிந்து கொள்வது. தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுத வேண்டும். இரண்டு பக்கமும் எழுதிய தாளை எதிரே செருகி வைத்துக் கோக்க முடியாது. இடது ஓரத்தில் தாராளமாக இடம் விட வேண்டும். ஆசிரியர் குறிப்பு எழுத. தாள்களுக்கு எண் இட வேண்டும். மொத்தம் எத்தனை என்பதையும் முதல் தாளில் எழுத வேண்டும். கவிதைப் பகுதி தாளின் அடியில் முடிந்தால், கீழே இடைவெளி உண்டு என்றோ இல்லை என்றோ எழுதிக் காட்ட வேண்டும். அடித்துத் திருத்திய இடத்தைச் சுற்றி வட்டமிடுவதை விட அந்தத் தாளையே மறுபடி எழுதிவிடுவது உத்தமம். கார்பன் வைத்து ஒரு பிரதி கையில் இருக்க வேண்டும். திருப்பி அனுப்பத் தபால்தலை வைக்காத கதைகள் என்ன கதியாயின என்று எல்லாருக்கும் தெரியும்.

புரூஃப் திருத்துகிறவர் வேறு ஒரு ரகம். தமிழ் படித்தவர், நல்லவர். ஒற்று மிகும் இடத்தில் மிகாமல் இருப்பதை அவரால் பொறுக்க முடியாது. பாத்திரம் ‘போச்சு’ என்று சொன்னால் அவர் ‘போயிற்று’ என்று சொல்ல வைப்பார். கரிசல் காட்டுச் சம்சாரி பண்டிதத் தமிழில் பேசத் தொடங்குவது இப்படித்தான். அவரைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. ஒரே பிரதியில் ஒரு இடத்தில் ‘வந்திட்டான்’, இன்னொரு இடத்தில் ‘வந்துட்டான்’, மூன்றாவது இடத்தில் ‘வந்துவிட்டான்’ என்று இருந்தால் எது வேண்டுமென்று எழுதியது, எது கை தவறியது என்று அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? வழக்குச் சொல்லை எழுதுகிறவன் இலக்கணத் தமிழ் எழுதுகிறவனை விடக் கண்டிப்பாக இருக்க வேண்டும். தன் வழக்குக்குத் தானே இலக்கணம் வகுத்துக் கொண்டு அதை மீறாமல் இருக்க வேண்டும். முதல் தாளில் இரண்டு வரியில் அதைச் சொல்லியும் விட வேண்டும்.

பத்திரிகையில் வந்தது ஒரு வடிவம், புத்தகத்தில் வந்தது ஒரு வடிவம், ஆசிரியர் மறைந்த பிறகு வந்தது இன்னொரு வடிவம் என்று ஆவதற்குப் புதுமைப்பித்தனை விடப் பெரிய உதாரணம் வேண்டாம். 1948இல் அவர் மறைந்தார். மூல வடிவங்களைத் தேடி ஒப்பிட்டுப் பாடவேறுபாடுகளோடு ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த முழுத் தொகுப்பு 2000இல்தான் வந்தது. ஐம்பது வருஷத்துக்கு மேல். கபிலருக்கு நேர்ந்தது நம் காலத்துச் சிறுகதையாசிரியனுக்கும் நேர்ந்திருக்கிறது.

6

இப்போது கம்பாஸிடர் இல்லை. கேஸ்களும் ஈய எழுத்துக்களும் எடைக்குப் போய்விட்டன. 1930களில் யாழ்ப்பாணத்து ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை வடிவமைத்தபோது புள்ளிக்கு நகராத விசை ஒன்று வைத்தார். புள்ளியை முதலில் தட்டிவிட்டு அதன் கீழ் எழுத்தைத் தட்ட வேண்டும். ஓலையில் விழாமல் போன புள்ளி எழுத்துக்கு முன்னாலேயே வந்து நின்றது. 1978இல் தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணை பிறப்பித்ததும் 13 எழுத்துக்களின் உருவம் மாறியது. துதிக்கை தூக்கிய ‘லை’ பழைய கைப்பிரதிகளில் மட்டும் மிஞ்சியது. பிறகு கணினி வந்தது. ஆளுக்கு ஒரு எழுத்துரு, ஆளுக்கு ஒரு குறியீடு. ஒருவர் அனுப்பிய நாவல் மற்றவர் கணினியில் கட்டம் கட்டமாகத் திறந்து கொண்டது. 1999இல் சென்னை மாநாட்டில் விசைப்பலகைக்கு ஒரு தரம் வகுத்தார்கள். 2010இல் யூனிகோடைத் தமிழக அரசு ஏற்றது. இப்போது எழுதுகிறவனே எழுத்துக் கோக்கிறவன்.

இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது நமக்கு உறைத்திருக்கிறதா என்று தெரியவில்லை. ஓலைக் காலம் முதல் தமிழ் எழுத்தாளனுக்கும் வாசகனுக்கும் நடுவே எப்போதும் ஒரு கை இருந்தது. படியெடுக்கிறவன் கை, பண்டிதர் கை, கம்பாஸிடர் கை. பிழைகளுக்கு அந்தக் கைகளைக் குற்றம் சொல்லலாம். இன்று அந்தக் கை இல்லை. நான் தட்டியது தட்டியபடி அச்சாகிறது.

பழைய பிழைகள் போய்விட்டனவா என்றால் அதுவும் இல்லை. ஓலையில் காலும் ரகரமும் ஒன்றாக இருந்தன என்றேன். கணினித் திரையிலும் அவை கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றுதான். காலுக்குப் பதில் ரகரத்தையும், ‘ஔ’வுக்குப் பதில் ஒகரத்தோடு ளகரத்தையும் தட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பார்க்கச் சரியாக இருக்கும். தேடினால் அந்தச் சொல் அகப்படாது. கண்ணுக்குத் தெரிகிற பிழையை விட இது மோசம். நாளைக்கு ஒருவன் ஒரு கவிஞனின் சொற்களைத் திரட்ட முயன்றால் அந்தச் சொல்லை அவன் எழுதவே இல்லை என்ற முடிவுக்கு வருவான்.

வரியின் கதியும் அதேதான். ஸ்டிக்கின் அகலத்துக்குப் பதில் இப்போது திரையின் அகலம். கைபேசியில் கவிதை படித்தால் ஒவ்வொரு நீண்ட வரியும் மடங்குகிறது. மடங்கிய துண்டை உள்ளே தள்ளி வைக்க அங்கே கம்பாஸிடர் இல்லை. ஓலையின் நீளம் வரியைத் தீர்மானித்த காலத்துக்கே திரும்பிப் போய்விட்டோம்; யாப்பு இல்லாமல் திரும்பிப் போயிருக்கிறோம்.

அடித்தல் திருத்தல்களும் இல்லாமல் போய்விட்டன. கையால் எழுதிய தாளில் அடித்த சொல் அடியில் தெரியும். எது முந்தியது, எது பிந்தியது என்று மையே சொல்லும். கணினியில் அழித்தது அழிந்தது. நண்பர் ஒருவர் தம் தொகுப்பை எனக்கு அனுப்பினார். கோப்பின் பெயர் ‘கடைசி’. இரண்டு நாள் கழித்துக் ‘கடைசி 2’ வந்தது. ஒரு வாரம் கழித்து ‘உண்மையான கடைசி’. புத்தகமானது எது என்று அவருக்கே இப்போது நினைவில்லை. சுவடியின் கடைசி ஓலையில் தேதியும் நட்சத்திரமும் எழுதி வைத்தானே, அந்தப் பெயர் தெரிந்த, முகம் தெரியாத மனிதன் இவரை விடப் பொறுப்பாளி.

7

சில வருஷங்களாக நான் ஒன்று செய்து வருகிறேன். பெரிய கண்டுபிடிப்பு இல்லை. படிக் கணக்கு வைத்தவர்களிடமிருந்து எடுத்துக் கொண்டது. கவிதையை முடித்ததும் அதன் கீழே, சிறிய எழுத்தில், வரிகள் இத்தனை, பகுதிகள் இத்தனை என்று எழுதி, தேதியும் போட்டுவிடுகிறேன். அச்சில் வர வேண்டியதில்லை. பிரதியில் இருந்தால் போதும். ஆசிரியர் எண்ணிப் பார்ப்பார், அல்லது பார்க்க மாட்டார். புரூஃப் வந்தால் நான் எண்ணுவேன். என்றைக்காவது யாராவது இரண்டு வடிவங்களை எதிர் எதிரே வைத்துக் குழம்பினால் அவருக்கு ஒரு பிடிப்பு இருக்கும்.

இதைக் கேட்ட இளம் நண்பர் ஒருவர், கவிதை என்ன மூட்டையா எண்ணி இறக்குவதற்கு என்று கேட்டார். மூட்டையாக இருந்திருந்தால் எண்ணாமலேயே குறைந்தது தெரிந்திருக்கும், எடை சொல்லும். கவிதையில் ஒரு வரி குறைந்தால் எடை குறைவதில்லை. புறநானூற்றில் இரண்டு பாட்டு இல்லை என்று எனக்குச் சொன்னது கவிதையின் மேன்மை இல்லை. எவனோ போட்டு வைத்த வரிசை எண்.

அந்தப் பழைய கவிதையை இப்போது திரும்ப எடுத்து எழுதி வைத்திருக்கிறேன். மூன்று பகுதிகள். வரிகள் இருபத்தொன்று. இரண்டாம் பகுதி தாளின் நடுவில் முடிகிறது. அதன் கீழே ஒரு வரி இடம் விட்டு, ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறேன்: இந்த இடம் காலி இல்லை.